நம்பர் போட்ட சவுக்கு மரம்: காபன் கிரெடிட் பற்றி ஓர் எளிய விளக்கம்

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் மரத்தில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் போட்டால் அது வெட்டப்போகும் மரம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறோம். நம்பர் விழுந்து இரண்டு மூன்று கிழமையில் வாள் சத்தம் கேட்கும். அப்புறம் லொறி வரும். லொறி போனபின் கொப்பு, கிளை பொறுக்க லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெண்கள் கயிற்றோடு மலையேறுவார்கள். அதனால் அக்காவின் மகன் போன் செய்து, "மாமா, நம்ம லயத்துக்கு மேல நிக்கிற சவுக்கு மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்காங்க. ஆனா வெட்டப் போறதில்லையாம், காபன் அளக்குறாங்களாம். அப்படின்னா என்ன மாமா?" என்று கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை.

அவன் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு. காபனீரொட்சைட்டு என்றால் என்னவென்று எனக்கே பாடம் எடுப்பான். அதை ஒருவர் விற்று இன்னொருவர் வாங்குவது எப்படி, விற்கிற உரிமை யாருக்கு, வருகிற காசு யார் கைக்குப் போகும் என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. அன்று இரவு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தோட்டத்திலும் கிராமத்திலும் இந்தச் சொல் இனி அடிக்கடி காதில் விழப்போகிறது. அப்போது நம் ஆட்கள் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு மரத்தில் எத்தனை தொன்?

ஒரு காபன் கிரெடிட் என்பது ஒரு சான்று. ஒரு மெற்றிக் தொன் காபனீரொட்சைட்டு காற்றில் சேராமல் தடுக்கப்பட்டது, அல்லது காற்றிலிருந்து உறிஞ்சி எடுக்கப்பட்டது என்று அது சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர் இலக்கம் உண்டு. நிலக்கரி எரிக்கிற, விமானம் ஓட்டுகிற ஒரு கம்பனி தான் வெளிவிட்ட புகைக்கு ஈடாக அதை வாங்கிக் கணக்கில் காட்டும். காட்டியதும் அந்த இலக்கத்தைப் பதிவேட்டில் ரத்துச் செய்துவிட வேண்டும். பஸ் டிக்கட் மாதிரிதான், ஒருமுறை பயணம் போனால் முடிந்தது.

மருமகனுக்கு நான் சொன்ன கணக்கு இது. சவுக்கு என்று நாம் சொல்வது புத்தகத்தில் கிரெவிலியா, சில்வர் ஓக் என்றெல்லாம் வரும். தேயிலைக்கு நிழலுக்கும் காற்று மறிக்கவும் வைத்த மரம். அளக்க வருகிறவர் நாடாவை ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீற்றரில் மரத்தைச் சுற்றிப் பிடிப்பார். சுற்றளவு, உயரம், அந்த மர வகையின் அடர்த்தி இம்மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் மரத்தை வெட்டாமலே அதன் உலர்ந்த எடை ஏறக்குறையக் கிடைத்துவிடும். அப்படி ஒரு மரம் 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த மரத்தில் சுமார் பாதி காபன், ஆகவே 200 கிலோ. காபன் அணுவின் எடை 12, இரண்டு ஒட்சிசன் சேர்ந்தால் 44. 200 கிலோவை 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 733 கிலோ. அந்த ஒற்றை மரம் வளர்ந்து வரும்போது காற்றிலிருந்து இழுத்த காபனீரொட்சைட்டு அவ்வளவு. ஒரு கிரெடிட்டுக்குக்கூடப் போதாது. நான்கு மரம் சேர்ந்தால் ஏறக்குறைய மூன்று கிரெடிட்.

காசு என்று பார்த்தால்? விலை திட்டத்துக்குத் திட்டம் மாறும். தென் அமெரிக்காவில் கயானா நாடு செய்த பெரிய ஒப்பந்தத்தில் கிரெடிட் ஒன்றுக்கு 20 டொலராவது கிடைக்கும்படி பேசியிருக்கிறார்கள். அதையே எடுத்து, ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்தால், மூன்று கிரெடிட் 18,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஆக நான்கு சவுக்கு மரம் பல வருடம் நின்று வளர்ந்ததன் முழு விலை அந்தச் சம்பளக் கணக்கில் ஒருவரின் பதின்மூன்று நாள் உழைப்பு. அதிலும் செலவு கழிக்கவில்லை. "காற்றை விற்றுக் கோடீஸ்வரர் ஆகலாம்" என்று யாராவது வந்து பேசினால் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னதும் பையன், "அப்ப நம்ம மலையில ஆயிரம் மரமாவது இருக்குமே மாமா" என்றான். அங்கேதான் நிறுத்த வேண்டியிருந்தது.

நேற்றைய கொழுந்துக்கு இன்று பேர் இல்லை

கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நேற்று எடுத்த கொழுந்தை இன்று தராசில் வைத்துப் பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, கேட்க முடியாது. அதேபோல் ஏற்கனவே நின்றுகொண்டிருக்கிற மரத்துக்கு, யாரும் வெட்ட நினைக்காத மரத்துக்குக் கிரெடிட் கிடையாது. இந்தத் திட்டம் இல்லாவிட்டால் நடந்திருக்காத ஒரு நன்மை புதிதாக நடந்திருக்க வேண்டும். காபன் சந்தையின் உயிர்நாடியே இதுதான். ஆங்கிலத்தில் இதற்கு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு "மேலதிகமாக என்ன நடந்தது?" என்ற கேள்வி போதும்.

இலங்கைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1997இல் கியோட்டோ உடன்படிக்கை வந்தபோது, பணக்கார நாடுகள் ஏழை நாடுகளில் மாசு குறைக்கும் திட்டங்களுக்குக் காசு கொடுத்துக் கிரெடிட் வாங்கலாம் என்று ஒரு வழி வைத்தார்கள். அந்த வழியில் 2005இலேயே பதிவான இலங்கைத் திட்டங்களில் சிறு நீர்மின் நிலையங்கள் உண்டு. பதுளு ஓயா, ஹுலு கங்கை என்று நமக்குத் தெரிந்த ஆறுகள்தான். அங்கே தர்க்கம் நேரடியானது: ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுத்தால் அந்த அளவுக்கு எண்ணெய் எரிப்பது குறையும், குறைந்த புகைதான் கிரெடிட்.

காட்டுக்கு இப்படி நேராகக் கணக்குப் போட முடியாது. ஒரு காட்டை வெட்டாமல் விட்டேன் என்பதற்குக் காசு வேண்டுமானால், "நான் இல்லாவிட்டால் இதில் எவ்வளவு வெட்டியிருப்பார்கள்" என்று நிரூபிக்க வேண்டும். நடக்காத ஒன்றை எப்படி நிரூபிப்பது? இது போன்ற சிக்கல்களால்தான் கியோட்டோ வழியில் மரம் நடுவதற்கு இடம் கிடைத்தது, நிற்கிற காட்டைக் காப்பதற்குக் கிடைக்கவில்லை. மழைக்காடு வைத்திருந்த நாடுகளுக்கு இது பெரிய மனக்குறை. வெட்டிவிட்டுத் திரும்ப நட்டால் காசு, வெட்டாமல் வைத்திருந்தால் ஒன்றுமில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? 2005இல் மொன்ட்ரியலில் பப்புவா நியூகினியும் கொஸ்தரிக்காவும் சேர்ந்து இதை ஐ.நா. மாநாட்டில் கிளப்பின. 2007இல் பாலியில் அது பேச்சுவார்த்தைக்குள் வந்தது, 2013இல் வோர்சோவில் முக்கிய விதிகள் வந்தன. ரெட் பிளஸ் என்று கேள்விப்படுவது அதைத்தான். இலங்கையும் 2013 முதல் 2017 வரை ஐ.நா. உதவியோடு அதற்கான ஆயத்த வேலைகளைச் செய்தது.

அந்த விதிகள் அரசுகளுக்கானவை. அதற்கு வெளியே, கம்பனிகள் தாமாக வாங்கும் சந்தை ஒன்றும் வேகமாக வளர்ந்தது. அங்கேதான் நடக்காததைக் கணக்குப் போடும் வேலையில் ஓட்டை விழுந்தது. "நாங்கள் வராவிட்டால் இந்தக் காடு முழுக்க அழிந்திருக்கும்" என்று எவ்வளவுக்கெவ்வளவு பயங்கரமாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு கிரெடிட் கூடும். 2023இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு மூன்று கண்டங்களில் 6 நாடுகளில் இருந்த 26 திட்டங்களை, அவற்றைப் போன்றே இருந்த திட்டமில்லாத காடுகளோடு ஒப்பிட்டது. பெரும்பாலான திட்டங்கள் காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை, குறைத்தவையும் தாம் சொன்னதைவிட மிகக் குறைவாகவே குறைத்தன என்பது அதன் முடிவு. சான்று வழங்கும் அமைப்பு அந்த ஆய்வு முறையை ஏற்கவில்லை, ஆனாலும் பிறகு தன் கணக்கிடும் முறையை மாற்றியது. என்னைக் கேட்டால், இதில் ஏமாந்தது வாங்கிய கம்பனி மட்டுமல்ல. காற்றில் போன புகை உண்மையான புகை. அதற்கு ஈடாகக் காட்டிய காடு வெறும் தாளில் இருந்தால் அதன் பாதிப்பு வருவது நம் மலைச்சரிவுக்கும்தான்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்த மலையில் விறகு பொறுக்கக் கூடாது என்று வேலி போட்டால், பக்கத்து மலையில் விறகு பொறுக்குவார்கள். அடுப்பு எரிந்தாக வேண்டுமே. தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்தும் சூட்டுக்கும் விறகு வேண்டும். ஓரிடத்தில் காத்ததாகச் சொல்லும் காபன் இன்னோர் இடத்தில் கசிந்துபோகும். நல்ல திட்டம் என்றால் வேலிக்கு முன் அடுப்பைப் பற்றி யோசித்திருக்கும்.

மற்றது காலம். காற்றில் போன காபனீரொட்சைட்டு நூற்றுக்கணக்கான வருடம் அங்கேயே கிடக்கும். மரமோ ஒரு கோடையில் தீப்பிடித்தால் போச்சு. மார்ச் மாதத்தில் பத்தனைப் புல்வெளி எரிவதைப் பார்க்காத மலையகத்தான் உண்டா? அதனால் ஒவ்வொரு திட்டமும் தன் கிரெடிட்டில் ஒரு பங்கை விற்காமல் பொதுச் சேமிப்பில் போட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். காட்டுத் திட்டங்கள் பல 30, 40 வருடத்துக்கு வாக்குக் கொடுக்கின்றன. இப்போது நம் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். பெருந்தோட்டக் காணி பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம். 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, நீண்டகாலக் குத்தகை 2045 வரை. இன்றைக்கு ஒரு கன்றை நட்டு 40 வருடத்துக்குக் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டால், அதில் பாதிக் காலம்தான் குத்தகைக்காரரின் கையில். மீதிக்கு யார் பொறுப்பு? லயத்தில் இருக்கிற பிள்ளைகள்தான் 2045க்குப் பிறகும் அங்கே இருக்கப்போகிறவர்கள். ஆனால் அவர்கள் கையெழுத்தை எந்த ஒப்பந்தமும் கேட்பதில்லை.

மலை யாருடையது?

மழைக்காட்டு நாடுகளில் காபன் கிரெடிட் பற்றி நடக்கிற சண்டைகளைப் படிக்கப் படிக்க, எனக்கு நம் சரித்திரம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது.

இந்த மலைநாடு முழுக்க ஒரு காலத்தில் காடு. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் தொடங்கியது. 1840இல் வெள்ளைக்கார அரசு ஒரு சட்டம் போட்டது: உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாகச் சேனை (காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிர்) செய்து, மாடு மேய்த்து, விறகெடுத்த கண்டிய சிங்கள கிராமத்தவர்களிடம் ஏது பத்திரம்? அவர்கள் புழங்கிய காடு கைமாறித் தோட்டமானது. அதை வெட்டி எரித்துக் கோப்பி நட மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாக நடந்து வந்தவர்கள் நம் முன்னோர்கள். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை, 1869இல் கோப்பிக்கு இலைநோய், பிறகு எங்கும் தேயிலை. காடு போன வேகத்தைப் பார்த்து, 1873இல் லண்டன் கியூ தோட்டத்தின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலிருக்கும் காட்டை விற்க வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தது. சிவனொளிபாதமலைக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் இன்றைக்கு மிச்சமிருப்பதில் அந்தத் தடைக்கும் பங்குண்டு. அவை இரண்டும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010இல் உலக மரபுரிமையாயின.

வெட்டியது நம் கை. ஆனால் ஓர் அடி நிலம்கூட நம் பேரில் எழுதப்படவில்லை. 1948இல் பிரஜாவுரிமையும் போனது. அது முழுதாகத் தீர 2003 வரை ஆனது. 200 வருடம் ஒரு மலையில் வாழ்ந்தும் அதில் உரிமை காட்டத் தாள் இல்லாத சனம் நாம்.

காபன் கிரெடிட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், கிரெடிட் காணியின் பின்னால் போகிறது. காணி உறுதி யாரிடமோ காபனும் அநேகமாக அவரிடம். அமேசனிலும் கொங்கோவிலும் போர்னியோவிலும் காட்டுக்குள் வாழ்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் வாழ்கிற காட்டின் பெரும்பகுதி காகிதத்தில் அரசுக்கோ கம்பனிக்கோ சொந்தம். காட்டைக் காத்தது அவர்கள் பழக்கவழக்கம், விற்றுக் காசெடுப்பது தாள் வைத்திருப்பவர். போதாததற்கு, "இனி இங்கே வேட்டையாடக் கூடாது, சேனை வெட்டக் கூடாது" என்ற கட்டுப்பாடு மட்டும் காட்டில் வாழ்பவர் தலையில் விழும். 1840இன் சட்டம் வேறு உடுப்பில் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

நியாயமாகச் செய்ய முயன்றவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கதையைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். பிரேசிலின் ரொண்டோனியாவில் பைத்தர் சுருயி என்ற பழங்குடி மக்கள் தாங்களே முன்நின்று ஒரு காட்டுத் திட்டத்தைத் தொடங்கி 2013இல் கிரெடிட் விற்றார்கள். காணி அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. நல்லபடியாகத் தொடங்கியது. ஆனால் அவர்கள் நிலத்தில் தங்கமும் வைரமும் இருப்பது தெரிந்து சட்டவிரோதமாகத் தோண்டுகிறவர்களும் மரம் வெட்டுகிறவர்களும் நுழைந்தார்கள். காடழிப்பு ஏறியது, 2018இல் திட்டம் நின்றுபோனது. கிரெடிட் காசு தங்கத்தின் காசோடு போட்டி போட முடியவில்லை, வெளியாரைத் தடுக்க வேண்டிய அரசின் காவலும் போதவில்லை.

கயானா வேறு மாதிரி. நாட்டின் நிலத்தில் சுமார் 85 வீதம் காடு. தனித்தனித் திட்டம் என்று இல்லாமல் நாட்டின் முழுக் காட்டையும் ஒரே கணக்காகக் காட்டி, 2022 டிசம்பரில் 33 மில்லியனுக்கு மேல் கிரெடிட் பெற்றது. ஹெஸ் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பனி 37.5 மில்லியன் கிரெடிட்டை, பின்னால் வரப்போகிறவற்றையும் சேர்த்து, குறைந்தது 750 மில்லியன் டொலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. வருமானத்தில் 15 வீதம் பழங்குடிக் கிராமங்களுக்கு நேரடியாகப் போகிறது, எதற்குச் செலவு செய்வது என்பதைக் கிராமமே தீர்மானிக்கிறது. நாடு முழுவதையும் ஒரே கணக்கில் எடுத்தால் மலைக்கு மலை கசிவதும் குறையும். இவை நல்ல அம்சங்கள்தான். ஆனால் ஒப்பந்தம் போட்டபோது அதே கம்பனி அதே நாட்டின் கடலில் எண்ணெய் எடுக்கிற கூட்டில் பங்காளியாக இருந்தது. அங்குள்ள பழங்குடியினர் சங்கம் ஒன்று, தங்கள் மக்களிடம் முறையாகச் சம்மதம் கேட்கவில்லை என்று முறைப்பாடு செய்தது. கிராமத் தலைவர்களின் தேசிய சபையோ திட்டத்தை ஆதரித்தது. ஊருக்குள்ளேயே இரண்டு குரல். கூட்டம் வைத்து, கைதூக்கச் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு போவது சம்மதம் ஆகிவிடுமா என்று நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

2007இன் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனமும், 2010இல் கன்கூனில் ஏற்றுக்கொண்ட காட்டுத் திட்டப் பாதுகாப்பு விதிகளும் இதற்கு ஓர் அளவுகோல் தருகின்றன. வேலை தொடங்குவதற்கு முன்பே, முழு விவரமும் தெரிவித்து, எந்த நெருக்குதலும் இல்லாமல் கேட்க வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் அதற்குள் அடக்கம். பிரகடனம் பழங்குடிகளைப் பற்றிப் பேசுகிறது, நாம் அந்த வரையறைக்குள் வருவோமா என்பது சட்டத்தரணிகள் பேச வேண்டிய விஷயம். ஆனால் கேட்பதில் உள்ள மரியாதை லயத்துக்கும் பொருந்தும்.

பிடித்தம் போக மீதி

சம்பளச் சீட்டைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதி புதிதாக இருக்காது. கிரெடிட் ஒன்றை வாங்குபவர் கொடுக்கும் விலை அப்படியே மலைக்கு வருவதில்லை. திட்டத்தை எழுதுபவருக்கு ஒரு பங்கு, அளப்பவருக்கு ஒரு பங்கு, அளந்தது சரிதானா என்று பார்க்க வரும் மூன்றாம் தரப்புக்கு ஒரு பங்கு, பதிவேட்டுக்கட்டணம், நடுவில் வாங்கி விற்பவரின் இலாபம். இவை எல்லாம் தேவையில்லாத செலவு என்று சொல்ல மாட்டேன், சரிபார்க்காத தராசை யார் நம்புவார்? ஆனால் மீதி எவ்வளவு, அது எந்தக் கணக்கில் விழுகிறது என்பது வெளியே தெரிய வேண்டும். "சமூக அபிவிருத்தி" என்று மொத்தமாகப் போட்டு, ஒரு பெயர்ப்பலகையும் ஒரு தண்ணீர்த் தாங்கியும் வைத்துவிட்டுப் போனால் அது பங்கு ஆகாது. தொண்டு வேறு, பங்கு வேறு. பங்கு என்றால் இத்தனை வீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்.

கொஸ்தரிக்காவின் அனுபவம் இதில் உதவும். அவர்கள் 1996இல் காட்டுச் சட்டம் கொண்டுவந்து, எரிபொருள் வரியிலிருந்து பணமெடுத்துக் காடு காக்கிற காணிக்காரர்களுக்கு 1997 முதல் கொடுத்து வருகிறார்கள். வெளிநாட்டுக் கம்பனி வாங்கட்டும் என்று காத்திருக்காமல் பெற்றோல் அடிக்கிறவரே கட்டுகிறார். காட்டைக் காபனுக்கு மட்டுமல்லாமல் தண்ணீருக்கும் உயிர்வகைக்கும் அழகுக்கும் சேர்த்தே மதிக்கிறார்கள். ஆனாலும் காணி உரிமை காட்ட வேண்டியிருந்ததால் பெரிய காணிக்காரர்களுக்கே அதிகம் போகிறது என்ற குறை ஆரம்பத்தில் இருந்தது. எங்கே சுற்றினாலும் காணி உறுதியில்தான் வந்து நிற்கிறோம்.

நம் நாட்டில் காடு சுமார் 29 வீதம். 2030க்குள் அதை 32 வீதமாக்குவதாக உலகுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். கிரெடிட்டுகளைப் பதிவு செய்ய, சரிபார்க்க இலங்கைக் காலநிலை நிதியம் என்ற அரச கம்பனி இருக்கிறது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆம் உறுப்புரையின்படி நாட்டுக்கு நாடு கிரெடிட் விற்கலாம், ஆனால் விற்றதை நம் கணக்கில் காட்டக் கூடாது. ஒரே கொழுந்தைச் செக்ரோலில் (தொழிலாளரின் வேலைப் பதிவேட்டில்) இரண்டு பேரின் கணக்கில் பதிய முடியாதல்லவா, அதுதான். ஆகவே எதை விற்பது, எதை நாட்டின் வாக்குறுதிக்கென்று வைத்துக்கொள்வது என்ற முடிவு அரசுக்குச் சாதாரண விஷயமல்ல.

எந்த மரம் என்பதும் முக்கியம். தராசுக்கு எல்லாத் தொன்னும் ஒன்றுதான். மலைக்கு அப்படியில்லை. 1970களிலும் 80களிலும் பத்தனைகளிலும் கைவிட்ட தோட்டங்களிலும் பைனஸ் நட்டார்கள். வேகமாக வளர்ந்தது, பச்சையாகத் தெரிந்தது. ஆனால் அடியில் போய் நின்று பாருங்கள்: ஊசியிலை மெத்தை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை, குருவிச் சத்தம்கூட அபூர்வம். கோடையில் அந்த மெத்தைதான் முதலில் பற்றுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க தம்பதியர் சிங்கராஜ ஓரத்துப் பைனஸ் காட்டில் வரிசைகளை எடுத்துவிட்டு உள்ளூர் மழைக்காட்டு மரங்களை நட்டு, பைனஸின் நிழலிலேயே அவை எழும்பி வரும் என்று காட்டினார்கள். அந்த வழி மெதுவானது. ஒரு வருடத்தில் காட்டும் தொன் குறைவாக இருக்கும். தொன்னுக்கு மட்டும் காசு என்றால் எவரும் மறுபடி பைனஸ், யூக்கலிப்டஸ் மாதிரி வேகமாக வளரும் மரத்தைத்தான் நடுவார்கள். புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து மரம் நடுவதும் தவறு. ஹோர்ட்டன் சமவெளியின் ஈரப் புல்வெளி மண்ணுக்குள்ளேயே காபனும் தண்ணீரும் வைத்திருக்கிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் அங்கிருந்து வருகிறது.

அப்புறம், சரிவு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளை உடைத்ததை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். செங்குத்தான சரிவிலும் ஓடைக்கரையிலும் தேயிலையை விட்டுக் காட்டை மீட்பது காபன் சந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை. அதற்குக் கிரெடிட் காசு உதவுமானால் நான் இரு கையாலும் வரவேற்பேன். ஆனால் சரிவிலிருந்து இடம்மாற்றப்பட வேண்டிய குடும்பங்களுக்குத் தட்டையான நிலம் வேண்டும். 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்று எத்தனை வருடமாகப் பேசுகிறோம்? வீட்டுக்கு நிலமில்லை என்று கைவிரித்த இடத்தில் காபனுக்கு மரம் நட நிலம் ஒதுங்கினால் அதை எதிர்க்கத்தான் வேண்டும். வீட்டுக்காணி முதலில், எழுத்தில். அப்புறம் மரம் நடலாம், நம் ஆட்களே நட்டுத் தருவார்கள். அந்த மலையில் எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

போன வாரம் பையன் மறுபடி எடுத்தான். நான் சொன்னதைக் கேட்டு அவனும் இன்னும் நாலைந்து பேரும் தோட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். சண்டைக்கு அல்ல, கேட்கத்தான். எத்தனை மரம் அளந்தீர்கள், புதிதாக எதை நடப்போகிறீர்கள், 2045க்குப் பிறகு யார் பொறுப்பு, விறகுக்குத் தடை வருமா, எங்கள் பங்கு எத்தனை வீதம் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போனார்களாம். முதல் கேள்விக்கு மட்டும் அங்கிருந்தவர் பதில் சொன்னார்: 214 மரம். மற்றதெல்லாம் திட்ட ஆவணத்தில் இருக்கிறது, அது கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றாராம். ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கிறதாம்.

"தமிழ்ல குடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கோம் மாமா. வந்தா வாட்ஸ்அப்புல அனுப்புறேன், சேர்ந்து படிப்போம்" என்றான். வரும்வரை லயத்துக்கு மேலே சவுக்கு மரங்கள் நம்பரோடு நிற்கின்றன. அக்கா அந்தப் பக்கமாகத்தான் விறகுக்குப் போய் வருகிறாள்.